திரை யார் பக்கம்?

(ஹட்டனில் ஆசிரியர்கள், பெற்றோர், உயர்தர மாணவர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினி பற்றி எந்த ஊரில் பேசினாலும் கடைசியில் ஒரு மாணவர் எழுந்து, "சேர், விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா, மேக் நல்லதா?" என்று கேட்பார். அதற்குள் எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். ஆகவே இன்றைக்கு அந்தக் கேள்வியையே பேச்சாக எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பதை நம் பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்கிறது. நான் சுருக்கமாக முறைமை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் கேள்வி முழுமையான கேள்வி அல்ல. யாருக்கு நல்லது, என்ன வேலைக்கு நல்லது, எந்த இடத்தில் நல்லது என்ற மூன்றும் அதில் விடுபட்டிருக்கின்றன. இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1998இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட, ஐஎஸ்ஓ 9241 என்ற சர்வதேசத் தரத்தின் 11ஆம் பகுதி இதைத்தான் சொல்கிறது. குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காரியத்துக்காக ஒரு பொருளைக் கையாளும்போது காரியம் முடிகிறதா, எவ்வளவு பாடுபட்டு முடிகிறது, முடித்தவருக்குத் திருப்தியா என்று பார்க்க வேண்டும். ஆளையும் இடத்தையும் கழற்றிவிட்டால் அளப்பதற்கு எதுவுமே மிஞ்சாது.

நமக்குப் பழகிய ஒரு கருவியை வைத்துப் பார்ப்போம். கொழுந்து நிறுக்கிற தராசு. அதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். நிறுத்து எழுதுகிறவர் ஒருவர், கொழுந்துக்குச் சொந்தக்காரி இன்னொருவர். எழுதுகிறவருக்குத் தராசு மிக எளிமையான கருவி. மாட்டுவார், முள்ளைப் பார்ப்பார், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார், எழுதுவார். வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு முள் தெரியாது. தன் நாள் கூலியைத் தீர்மானிக்கிற எண்ணை அவள் இன்னொருவர் வாயால்தான் கேட்டறிய வேண்டும். கழிவு பற்றிய சண்டை நம் தோட்டங்களில் எத்தனை தலைமுறைச் சண்டை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குச் சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. நிறை நேரே கணினிக்குப் போய்ச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறுகிறது. கூட்டல் பிழை இல்லை, மாதக் கடைசியில் ஆபீசில் இரவு விழிப்பு இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் நான் கேட்பது ஒன்று. தராசின் முகப்பு யார் பக்கம் திரும்பியிருக்கிறது? எண் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தால், அவள் போனுக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தால், அது இருவருக்கும் எளிய கருவி. தெரியாவிட்டால், எளிமை ஆபீசுக்கு மட்டும் வந்திருக்கிறது.

"பயன்படுத்த மிக எளிது" என்று யாராவது எதையாவது கொண்டுவந்து வைத்தால் யாருக்கு எளிது என்று கேளுங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்வியின் விரிவுதான்.

சரி, கணினிக்கு வருவோம். நாம் திரையில் பார்க்கிற கோப்பு, கோப்புறை, குப்பைத் தொட்டி எல்லாம் எங்கிருந்து வந்தன? 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்ற இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. 1984 ஜனவரியில் ஆப்பிளின் மெக்கின்டோஷ் வந்தது. இரண்டும் அமெரிக்க அலுவலக மேசையைத் திரைக்குக் கொண்டுவந்தன. அங்கே வேலை செய்கிற குமாஸ்தாவுக்குக் கோப்புறைக்குள் காகிதம் இருக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயத்துக் காம்பராவில் வளர்கிற பிள்ளைக்கு? அலமாரியே இல்லாத வீட்டில், பாடப்புத்தகமும் பிறப்புச் சான்றிதழும் அம்மாவின் ஒரே பெட்டியில் இருக்கிற வீட்டில், கோப்புறைக்குள் கோப்புறை என்பது விளங்குவதற்குக் கொஞ்சம் காலம் எடுக்கும். தொழினுட்பப் பாட ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள். "எங்கே சேமித்தாய்?" என்று கேட்டால் "கம்ப்யூட்டரில் சேர்" என்கிற பதில் உங்களுக்குப் பழக்கமானது. பிள்ளை மக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் படம் அவனுக்காக வரையப்பட்ட படம் அல்ல.

ஆனால் ஒன்றைப் பாராட்ட வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஒரு காலத்தில் புதியவர்களை உட்காரவைத்துப் பார்த்துத்தான் திருத்தின. விண்டோஸ் 3.1இல் புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு ஜன்னலின் மேல் இன்னொரு ஜன்னல் வந்து மூடியதும் முதல் ஜன்னல் காணாமலே போய்விட்டது என்று நினைத்தார்கள். ஒரு மென்பொருளை எப்படித் திறப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். மைக்ரோசொஃப்ட் இதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தது. அதன் விளைவாக 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95இல், திறந்த எல்லாவற்றையும் காட்டும் பட்டை ஒன்று திரையின் அடியில் வந்தது. அதன் ஓரத்தில் எங்கே தொடங்குவது என்று சொல்லும் ஸ்டார்ட் பொத்தானும் வந்தது. முப்பது வருடமாக உலகம் பழகியிருக்கிற அந்தப் பட்டை, தெரியாதவர்கள் தடுமாறியதைப் பார்த்துப் பிறந்தது. அதே நிறுவனம் 2012இல் விண்டோஸ் 8இல் அந்தப் பொத்தானைத் தூக்கியெறிந்தது. கோடிக்கணக்கானவர்களின் கை தானாகப் போகிற இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வருடமே 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது. பழக்கமும் எளிமையில் ஒரு பாதி என்பதை அவ்வளவு பெரிய நிறுவனமே மறந்துபோகும் என்றால் நாம் மறப்பதில் ஆச்சரியம் இல்லை.

மேக் பற்றி இரண்டு வார்த்தை. மேக்கின் மெனுப் பட்டை எப்போதும் திரையின் உச்சி விளிம்பில் இருக்கும். குறி பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவாகப் போகும் என்று 1954இல் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் அளந்து காட்டினார். திரையின் விளிம்பில் சுட்டி முட்டி நின்றுவிடும், தாண்டிப் போகாது. ஆகவே விளிம்பிலுள்ள பட்டையைப் பிடிப்பது எளிது. இப்படி நுணுக்கமாக யோசித்துச் செய்த முறைமை அது, சந்தேகமில்லை. ஆனால் விலை, பழுதுபார்க்க ஆள், உதிரிப்பாகம் மூன்றும் சேர்ந்து நம் பாடசாலை வாசலிலேயே அதை நிறுத்திவிடுகின்றன. அச்சகம் வைத்திருப்பவர், வீடியோ தொகுப்பவர் வாங்கட்டும். பெற்றோர் கடன்பட்டு வாங்க வேண்டாம்.

லினக்ஸ் கஷ்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அது பல வருடம் வல்லுநர்களின் விளையாட்டாகவே இருந்தது உண்மை. பிறகு அங்கேயும் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள். 2001இல் சன் நிறுவனம் குநோம் என்ற லினக்ஸ் முகப்பைப் புதியவர்களிடம் கொடுத்துச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த குநோம் 2 வெகுவாக எளிமைப்பட்டது. 2003இல் பெர்லினில் ரெலவன்டிவ் என்ற நிறுவனம் நேரடியாகவே ஒப்பிட்டது. லினக்ஸ் பழக்கமில்லாத 60 பேருக்கு லினக்ஸையும் வேறு 20 பேருக்கு விண்டோஸ் எக்ஸ்பியையும் கொடுத்து, கடிதம் எழுதுவது போன்ற ஒரே மாதிரியான அலுவலக வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். லினக்ஸ்காரர்களுக்குச் சராசரியாக 44.5 நிமிடம், எக்ஸ்பிகாரர்களுக்கு 41.2 நிமிடம். மூன்று நிமிடச் சொச்சம்தான் வித்தியாசம். அதுவும் இருபது வருடத்துக்கு முந்தைய லினக்ஸ்.

அப்படியானால் நம் ஊரில் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெர்லின் பரிசோதனையில் இல்லாத விஷயங்களிலிருந்து வருகிறது. அங்கே யாரும் தமிழில் தட்டவில்லை. நடுவில் கரண்ட் போகவில்லை.

தமிழில் தட்டுவதை எடுத்துக்கொள்வோம். இதில்தான் நாம் ஒரு தலைமுறையைத் தொலைத்தோம் என்பது என் அபிப்பிராயம். யுனிகோட் என்ற சர்வதேச எழுத்துக்குறி முறையில் தமிழைக் காட்டிய முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000. அடுத்து வந்த எக்ஸ்பியில் தமிழ் இருந்தும் இல்லாத மாதிரி. அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்து வகைகள் என்ற கட்டத்தில் குறியிட்டு, விண்டோஸ் குறுந்தட்டை உள்ளே போட்டால்தான் எழுத்து ஒழுங்காக வரும். செய்யாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நன்கொடையாக வந்த பழைய கணினியோடு அந்தக் குறுந்தட்டும் வந்ததா என்ன? ஆகவே ஆசிரியர்கள் எல்லோரும் என்ன செய்தார்கள்? பாமினி என்ற எழுத்துருவில் தட்டினார்கள்.

பாமினியை நான் குறை சொல்ல மாட்டேன். இலங்கைத் தமிழர் அலுவலகங்களும் அச்சகங்களும் பல வருடம் அதன் முதுகில்தான் ஏறி வந்தன. கஷ்டம் என்னவென்றால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி நிற்கும். இன்றைக்கும் ஆசிரியர் ஒருவர் பாமினியில் தயாரித்த தவணைப் பரீட்சை வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பிள்ளையின் போனில் புரியாத ஆங்கிலக் குவியலாகத் திறக்கிறது. பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே குற்றவாளி விண்டோஸா, ஆசிரியரா? இருவரும் இல்லை. சரியான வழியை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, தவறான வழியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் மனிதர்கள் கைக்கெட்டியதைத்தான் எடுப்பார்கள்.

விசைப்பலகையிலும் இதே கதைதான். தமிழ்நாடு 1999இல் தமிழ்99 என்ற முறையை ஏற்றது. நம் நாட்டின் தரம் வேறு. 2008ஆம் ஆண்டின் எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரம், தட்டச்சுக்காரர்களுக்குப் பழக்கமான ரெங்கநாதன் முறையைத் தழுவியது. மேக் 2005இலேயே அஞ்சல் என்ற ஒலிவழி முறை, தமிழ்99 இரண்டையும் உள்ளே வைத்துத் தந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் அதில் இருந்தது. விண்டோஸ் அந்த இரண்டு முறைகளையும் தனக்குள் சேர்த்துக்கொள்ள 2019 ஆயிற்று. லினக்ஸில் எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99ஓடு ரெங்கநாதன் முறையும் பெயர் சொல்லியே பட்டியலில் வருகிறது. இலங்கையின் அரச தரத்தைக் காசு வாங்காத முறைமை மதித்த அளவுக்குக் காசு வாங்குகிற முறைமை மதிக்கவில்லை என்பதைச் சபையில் பதிவு செய்து வைக்கிறேன்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அது அசாதாரண காலம். மலைநாட்டில் இடியும் மழையும் மரம் முறிவதும் வருடா வருடம் வருகிறவை. யுபிஎஸ் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கும், அதன் பெட்டரி செத்து எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. வேர்ட் மென்பொருள் சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். ஒன்பது நிமிட வேலை போனால் உங்களுக்கும் எனக்கும் எரிச்சல், அவ்வளவுதான். பாடவேளையே சிறியதாக இருக்கிற, ஒரு கணினிக்கு மூன்று பேர் முறை வைத்து உட்காருகிற பிள்ளைக்கு அதுதான் அந்த வாரத்து முழுப் பங்கு. அந்தப் பத்தை இரண்டாக மாற்றும் இடம் அமைப்புக்குள் இருக்கிறது. இன்றைக்கே மாற்றிவிடுங்கள், எந்த முறைமையானாலும்.

பென் ட்ரைவ் வைரஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கோப்புறையெல்லாம் மறைந்து அதே பெயரில் குறுக்குவழிகள் மட்டும் நிற்கிற அந்த வியாதி. கம்யூனிகேஷன் கடை, பாடசாலை, வீடு என்று ஒரே பென் ட்ரைவ் சுற்றுகிற ஊர்களில் அது தடிமன் மாதிரி பரவியது. அந்த வைரஸ்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, லினக்ஸில் ஓடாதவை. டேட்டா கார்டிலும் ஒரு தொல்லை உண்டு. பிள்ளை ஒரு படத்தைத் தேடத் திறந்த இணைப்பில் விண்டோஸ் தன் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டு மாத டேட்டாவை முடித்துவைக்கும். இதைத் தடுக்க, இணைப்பை அளவுள்ள இணைப்பு என்று குறிக்கும் வசதி விண்டோஸில் உண்டு. எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபைபர் இணைப்பு வந்த ஊர்க்காரர் வடிவமைத்த முறைமை, ரீலோட் போடுகிற ஊர்க்காரர் கையில் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இந்த இடத்தில் கடலுக்கு அப்பால் ஒருமுறை பார்க்கலாம். கேரள அரசு 2001இல் தன் பாடசாலைகளில் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில வருடங்களிலேயே முழுக்க லினக்ஸுக்கு மாறியது. இன்றைக்குக் கைட் என்ற பெயரில் நடக்கிறது. நம்மைப் போலவே தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் மூணாறு அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே வெற்றிக்குக் காரணம் லினக்ஸின் அழகு அல்ல. ஆசிரியர்களைப் பயிற்றினார்கள், பாடப்புத்தகத்தை அந்த முறைமைக்கே எழுதினார்கள், பரீட்சையை அதில் வைத்தார்கள். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி அதே லினக்ஸுக்கு ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2013இல் வேலையை முடித்து, 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. கேரளத்துப் பிள்ளைக்கு அதுதான் முதல் முறைமை. மியூனிக் அலுவலருக்கு அது இரண்டாவது. முதலில் பழகியது எதுவோ அதுவே எளிது என்று தோன்றும்.

முதலில் பழகியது எது என்று கேட்டால், மலையகத்தில் இன்றைக்கு அது விண்டோஸும் இல்லை, கணினியிலுள்ள லினக்ஸும் இல்லை. போன். ஆண்ட்ரொய்ட். அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருதான் என்பது லினக்ஸ் ரசிகர்களுக்கு ஓர் ஆறுதல். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவு பற்றி வெளியிடும் அறிக்கைகளில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று வரி இருக்கும். தோட்ட வரிதான் எப்போதும் அடியில். அதைப் பார்த்து நாமே நம்மைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஆனால் மஸ்கெலியாவில் ஒரு லயத்தில், எழுதப்படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, டுபாயில் வீட்டு வேலை செய்கிற மகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார், பேரப்பிள்ளையை வீடியோவில் காட்டுகிறார், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. ஐஎஸ்ஓ தரம் கேட்கிற மூன்றும், காரியம் முடிவது, சிரமம் குறைவது, மனநிறைவு, அங்கே இருக்கின்றன.

ஆண்ட்ரொய்ட் இந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆரம்பகாலப் போன்களில் தமிழ் எழுத்துக்குப் பதிலாகச் சதுரப் பெட்டிகள் தெரிந்தன. 2014இல் வந்த 5ஆம் பதிப்பில்தான் முழு முகப்பையும் தமிழில் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஐபோன் 2013இல் தமிழ் விசைப்பலகையைத் தந்தது. 2017இல் கூகுள் தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியைக் கொண்டுவந்தது. மொழிப் பட்டியலில் இந்தியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் வரிசையில் இலங்கைத் தமிழும் தனியாக இருப்பதைப் பாருங்கள். ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு "அம்மாவுக்குச் சுகமில்லை, நாளைக்கு லீவு வேண்டும்" என்று சொன்னால் எழுத்தாக வருகிறது. விசைப்பலகைச் சண்டையெல்லாம் இங்கே வேறு வழியில் தீர்ந்துபோய்விட்டது.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். மலிவான போனில் இடம் நிறைந்துவிடும். காலை வணக்கப் படங்களை யார் அழிப்பது? சில வருடங்களில் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிடும். கம்பனிக்குக் கம்பனி முகப்பு மாறும், சம்சுங்கில் பழகியவர் வேறொன்றில் தேடுவார். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் பொத்தானில் பாதிச் சொல்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. தொடுதிரை விரலின் மின் தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. தோல் தடித்துக் காய்த்துப்போன விரலையும் மழையில் நனைந்த விரலையும் அது சரியாக உணர்வதில்லை. கொழுந்தெடுத்துக் காய்த்த விரல், அதுவும் மழை நாளில், இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிள்ளைகளே, பிழை அம்மாவின் விரலில் இல்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது இதே போன்தான் பாடசாலையாயிற்று. வீட்டில் ஒரே போன், படிக்கிற பிள்ளைகள் மூன்று, சிக்னல் மேல்மலையில். நாம் எல்லோரும் பார்த்த காலம், விரித்துச் சொல்லவில்லை. ஒன்று மட்டும். அந்த இரண்டு வருடத்தில் நம் பிள்ளைகள் படம் எடுத்து அனுப்புவதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். ஒரு கடிதத்தைத் தட்டிச் சேமித்து மறுநாள் தேடி எடுப்பதில் ஆகவில்லை. போன் கோப்புகளை மறைத்துவைக்கிறது. அது பாட்டிக்கு எளிமை. வேலைக்கு விண்ணப்பிக்கப்போகிற பேத்திக்கு அது தடை. ஒரே முறைமை ஒரே வீட்டில் ஒருவருக்கு நல்லதாகவும் இன்னொருவருக்குப் போதாததாகவும் இருக்கிறது.

இனி மலையகத்தின் உண்மையான பணிசெயல் முறைமைக்கு வருகிறேன். அது கம்யூனிகேஷன் கடைத் தம்பி. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டை எடுத்துக் கொடுத்தவர் அவர். அரசின் அஸ்வெசும நிதியுதவிக்கு விண்ணப்பத்தைப் போட்டவர், பரீட்சைப் பெறுபேறு பார்த்தவர், பாஸ்போர்ட்டுக்கு இணையத்தில் பதிந்தவர் எல்லாம் அவர்தான். 2005இலிருந்து அரசு திறந்த நெனசல கணினி நிலையங்களும் தோட்டப்புறத்துப் பிரஜாசக்தி நிலையங்களும் செய்ய நினைத்ததில் பெரும் பகுதியை, ஒரு பிரின்டரும் லெமினேட்டிங் மெஷினும் வைத்துக்கொண்டு இந்தத் தம்பிகள் செய்கிறார்கள். நான் அவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடையில் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது? தம்பியின் பக்கம். உங்கள் பெயரில் மின்னஞ்சல் கணக்கைத் திறந்தவர் அவர். கடவுச்சொல் அவர் கொப்பியில். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை அந்த நிமிடத்தில் தீர்மானிப்பவரும் அவர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம் என்று ஏற்கெனவே அல்லாடுகிற நமக்கு, மூன்றாவதாக ஒரு விதம் அங்கே பிறக்கிறது.

அவர் மேல் தப்பு இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிற படிவம், பெரிய திரைக்காகச் செய்த படிவம், படத்தின் அளவு கூடிவிட்டது என்று மட்டும் சொல்லி எப்படிக் குறைப்பது என்று சொல்லாத படிவம், நடுவில் நேரம் முடிந்துவிட்டது என்று முதலிலிருந்து கேட்கிற படிவம். இவற்றை வைத்துக்கொண்டு விண்டோஸ் நல்லதா மேக் நல்லதா என்று வாதிடுவதில் பயன் இல்லை. நம் மக்களுக்கு மிகக் கடினமான மென்பொருள் எது என்று கேட்டால் என் பதில் அரசாங்கப் படிவம்தான்.

முதலில் கேட்ட மாணவருக்கு என் தீர்ப்பைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் பிறகு சண்டைக்கு வாருங்கள். வீட்டுக்கும் உறவுக்கும் ஆண்ட்ரொய்ட் போதும். அதைப் படிப்புக்கு உதவாத பொருளாக ஒதுக்காமல், கோப்பு எங்கே போகிறது, அனுமதி கேட்டால் என்ன செய்வது என்று வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். வங்கிக்கும் ஆபீசுக்கும் கணக்கு வேலைக்கும் போக விரும்புகிற உயர்தர மாணவர் விண்டோஸை விட முடியாது. அங்கே பெரும்பாலான கணக்கு மென்பொருள்கள் அதில்தான் ஓடுகின்றன. பாடசாலைக் கணினி அறைக்கு, குறிப்பாகப் பழைய இயந்திரங்களுக்கு, லினக்ஸ் மிண்ட் என்ற லினக்ஸ் வகை. அதன் முகப்பு விண்டோஸில் பழகியவரின் கையைத் தடுமாறவைக்காது.

பழைய இயந்திரங்கள் என்றேனே, அதில் அவசரம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2017க்கு முன் வந்த கணினிகள் அநேகமாகத் தேறாது. நம் பாடசாலைகளுக்கு நன்கொடையாக வந்தவற்றில் எத்தனை தேறும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். யாராவது வந்து "இது உதவாது, புதிதாக வாங்குங்கள்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். மிண்டுக்கு 2 ஜிபி நினைவகம் இருந்தால் ஓடும், 4 இருந்தால் நன்றாக ஓடும். பழைய தட்டை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் வேகம் உங்களுக்கே தெரியும்.

மாற்றுவதற்கு முன் ஒரு பரீட்சை வையுங்கள். ஐந்து பேர் போதும். பெருங்குறைகளைக் காண அதற்கு மேல் தேவையில்லை என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதிவிட்டார். ஒரு கணினியில் விண்டோஸ், ஒன்றில் மிண்ட். தன் பெயரையும் தோட்ட விலாசத்தையும் தமிழில் தட்டச் சொல்லுங்கள். சேமித்ததை மறுநாள் எடுக்கச் சொல்லுங்கள். போனில் எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் படத்தைச் சிறிதாக்கி மின்னஞ்சலில் இணைக்கச் சொல்லுங்கள். அச்செடுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீண்டும் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். ஆசிரியருக்கு அதுதான் கஷ்டம். ஐந்து பேரில் ஒருவர் மாணவராக இல்லாமல், கொழுந்தெடுக்கிற ஒரு தாயாக இருக்கட்டும். அவர் எங்கே நிற்கிறார், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துவையுங்கள்.

குறித்ததை வலயக் கல்வி அலுவலகத்துக்கும், படிவம் பற்றியது என்றால் பிரதேச செயலகத்துக்கும் எழுதி அனுப்புங்கள். தமிழில், யுனிகோடில் எழுதுங்கள். பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பினால் அடுத்த கூட்டத்தில் என் பேச்சுக்குப் பதிலாக அவற்றையே வாசிக்கலாம்.